கெடு தாண்டியவள்

சிதம்பரத்து வீட்டு வாசலில் வேன் நின்றதும் ஜெயராணியின் கண்ணில் முதலில் பட்டது அவளுடைய சொந்தப் புடவைதான். மாம்பழக் கலரில் மயில்கழுத்துக் கரை போட்ட பட்டு. அதை உடுத்திக்கொண்டு படியில் நின்றவள் அவளுடைய நாத்தனார் லோகநாயகி. கடலூரிலிருந்து சீர்த்தட்டோடு வந்து இறங்குகிறவர்களை வாங்க என்று கூப்பிடும் முன்பே, வேனுக்குள் எட்டிப் பார்த்து, "நீயுமா வந்துருக்க?" என்றாள்.

திருட்டுப் போன புடவை இல்லை அது. ஜெயராணி தன் கையால் எடுத்துக் கொடுத்தது. அது எப்படி என்று முதலில் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இந்த வீட்டில் யாருக்கு யார்மேல் என்ன ஆத்திரம் என்று விளங்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து ஆறில், ஜெயராணிக்கு வயிறு உப்பிக்கொண்டே வந்தது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீராகக் குடித்துப் பார்த்தாள். கடைசியில் பாண்டிச்சேரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தபோது, சினைப்பையில் புற்றுநோய், ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, இனிமேல் குணமாக்க முடியாது என்றார்கள். எத்தனை நாள் தாங்கும் என்று அவள் புருஷன் உத்திராபதி கேட்டான். அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார். உத்திராபதி விடவில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக் அவன். எந்த மோட்டார் எவ்வளவு நாள் ஓடும் என்று சொல்லியே பழகியவன். நச்சரிப்பு தாங்காமல் அவர், மூன்று மாதம், நீண்டால் ஆறு மாதம் என்றார். அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வேலையைத் தொடங்கினார்கள். ஜெயராணியும்தான்.

அவர்கள் வழக்கத்தில் வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. அதிலும் தாய் போய்விட்ட பெண் என்றால் கேட்டு வருகிற இடமும் ஒரு படி இறங்கித்தான் வரும். மகள் எழிலரசி அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். இன்னும் ஒரே வருஷம், முடித்துவிடுகிறேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெயராணி படுத்தபடியே, என் கண் மூடுவதற்குள் உன் கழுத்தில் தாலியைப் பார்க்க வேண்டும், படிப்பை அங்கே போய் முடித்துக்கொள் என்றாள். சாகக் கிடக்கிறவள் வாயை யார் மறுத்துப் பேசுவது, நீங்களே சொல்லுங்கள். லோகநாயகியின் மகன் கதிரவன் கீழவீதிப் பக்கம் செல்போன் கடையில் வேலை பார்த்தான். அத்தை மகன், உரிமையும் இருக்கிறது. ஒரே மாதத்தில் முடித்துவிட்டார்கள்.

அந்தக் கல்யாணத்தில் பெண்ணை யாரும் பார்க்கவில்லை, பெண்ணைப் பெற்றவளைத்தான் பார்த்தார்கள். பந்தியில் சாப்பிட்டு எழுந்த கையோடு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடுத்த வாரம் ஜெயராணி பீரோவைத் திறந்து போட்டு, தான் போன பிறகு சண்டை வரக்கூடாது என்று எல்லாவற்றையும் பங்கு வைத்தாள். பட்டுப்புடவை நாத்தனாருக்கு. கிரைண்டர் தங்கச்சிக்கு. எவர்சில்வர் அண்டா ஓரகத்திக்கு. வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அவள் சாகவில்லை.

மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, கட்டி சுருங்கியது. கொஞ்ச நாளில் மறுபடி வளர்ந்தது, வேறு மருந்துக்கு மறுபடி சுருங்கியது. ஒரு வாரம் மார்க்கெட்டுக்கு நடந்து போய் சங்கரா மீன் வாங்கி வந்து குழம்பு வைப்பாள். அடுத்த வாரம் டம்ளரைத் தூக்கக் கை வராது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி இறக்கிவிடுவார்கள், நாலு நாள் காற்றாக நடப்பாள். இட்லிக்கு மாவரைக்கப் பக்கத்து வீட்டில் போய் நிற்பாள், கிரைண்டர்தான் போய்விட்டதே. நான் சொன்ன கணக்கை மறந்துவிடுங்கள் என்று டாக்டரே சொன்னார். ஆனால் நோய் போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள், உள்ளேதான் இருக்கிறது, எப்போது என்ன பண்ணும் என்று எனக்கும் தெரியாது என்றார்.

இதை டாக்டர் சொன்னால் ஜெயராணிக்குப் புரிந்தது. ஜெயராணி சொன்னால் சொந்தக்காரர்களுக்குப் புரியவில்லை. இரண்டு தடவை, முடிந்துவிட்டது என்று போன் பறந்து, அவரவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, வரிசையாக வாயில் பால் ஊற்றினார்கள். இரண்டாம் தடவை பால் புரையேறி, இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, சூடாக டீ இருக்கா என்று கேட்டாள். வந்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாலை வாங்கி வந்தவர் அதை எங்கே மறைப்பது என்று தெரியாமல் பைக்குள் அமுக்கிக்கொண்டு போனார். பிறகு யாரும் சும்மாகூட எட்டிப் பார்க்கவில்லை. மகளைத் தள்ளிவிடுவதற்காக நோவு என்று நாடகம் போட்டாள் என்று லோகநாயகி ஊரெல்லாம் சொல்லி வைத்தாள்.

அதெல்லாம் போகட்டும். ஜெயராணிக்குப் பொறுக்க முடியாமல் போனது எழிலரசியின் குரல்தான். படிப்பு என்ற பேச்சை எடுத்ததுமே, அது யார் சொன்னது என்று மாமியார் கேட்டதோடு அது முடிந்துபோயிற்று. அதிலிருந்து போனில் அம்மாவோடு அவள் பேசியதெல்லாம் ம், இல்ல, வெச்சுடறேன், இவ்வளவுதான்.

இப்போது எழிலரசிக்கு எட்டாம் மாதம் முடிகிறது. சிதம்பரத்தில் வளைகாப்பு. தாய் வீட்டுக்காரர்கள் கட்டுசோறு கட்டிக்கொண்டு போய், வளையல் அடுக்கி, அன்றைக்கே பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதுதான் முறை. ஜெயராணி வர வேண்டாம், உடம்பு முடியாதவள் எதற்கு என்று லோகநாயகி தம்பியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். ஜெயராணி சவுரி வைத்துக் கொண்டை போட்டு, இருக்கிற மூன்று புடவையில் நல்லதைக் கட்டி, நீர் கோத்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

அவளை உள்ளே கூட்டிப் போய் சமையலறைக்குப் பக்கத்தில், கேஸ் சிலிண்டர் வைக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மணையில் உட்கார்ந்திருந்த மகளின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. வந்த பெண்கள் அவளைத் தாண்டித் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம், கடன் கேட்டவரைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்காக ஏற்கெனவே அழுதுவிட்டவர்கள். இன்னொரு தரம் அழ அவர்களிடம் ஒன்றும் இல்லை.

முகம் எப்படிப் பூரித்துப் போயிருக்கிறது பாரு, ஆம்பளப் புள்ளதான் என்று ஒருத்தி சொன்னாள். ஜெயராணி எட்டிப் பார்த்தாள். பூரிப்பு இல்லை அது. கண்ணுக்குக் கீழே தண்ணீர் கோத்த வீக்கம். அது அவளுக்குத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிறாள். மகளுடைய பாதத்தைப் பார்த்தாள். மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது.

எழுந்து போய் வளையல் தட்டில் கை வைத்தாள். லோகநாயகி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ ஒக்காரு. ஒன் கை படாம இருக்கறதுதான் புள்ளைக்கு நல்லது."

நாலு பேர் கேட்கச் சொன்னாள். மணையில் இருந்தவள் தலையைத் தூக்கவில்லை. கதிரவன் வாசலில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜெயராணி சிலிண்டர் பக்கத்துக்கே திரும்பிப் போனாள். அவள் யோசித்துக்கொண்டிருந்தது வளையலைப் பற்றி இல்லை.

சாப்பாடு ஆனதும் லோகநாயகி கூடத்தில் உட்கார்ந்து அறிவித்தாள். பெண்ணை அனுப்பப் போவதில்லை. பிரசவம் இங்கேதான். அந்த வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறாள், எந்த நேரத்தில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது, நிறைமாதக்காரி இருக்கிற வீட்டில் பிணம் விழுந்தால் யார் பதில் சொல்வது. தேதி சொல்லச் சொல்லு, அதுக்கு முன்ன பின்ன அனுப்பறேன் என்றாள். சிலர் சிரித்துவிட்டார்கள். எல்லாரும் உத்திராபதியைப் பார்த்தார்கள். அவன் சின்ன வயசிலிருந்து அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அக்கா சொல்றதும் நியாயம்தான் என்று வெற்றிலையைப் பார்த்துச் சொன்னான்.

ஜெயராணி எழுந்து உள் அறைக்குப் போனாள். எழிலரசி கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். ஜெயராணி தரையில் உட்கார்ந்து மகள் காலைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அது மேடேறவில்லை. தலை வலிக்குதா என்று கேட்டாள். எழிலரசி ஜன்னலைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிகளில் காத்துக் கிடந்தபோது பிள்ளைத்தாய்ச்சிகளிடம் நர்ஸ் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்து, கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கா என்றாள். அதற்கு எழிலரசி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஜெயராணி கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தை வாங்கினாள்: தலைவலி ஒரு வாரமாக இருக்கிறது, அத்தை பார்லித் தண்ணீர் கொடுக்கிறாள், செக்கப்புக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

"கெளம்பு" என்றாள் ஜெயராணி. "இப்பவே போவலாம்."

எழிலரசி காலை உருவிக்கொண்டாள். மூன்று வருஷமாக ம் என்றும் இல்லை என்றும் மட்டும் பேசிய வாய் அப்போதுதான் திறந்தது. குரலை உயர்த்தவே இல்லை. கூடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"நீ செத்துடுவன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் நான் மணையில ஒக்காந்தேன். நீ சாவல. மார்க்கெட்டுக்குப் போற, மீன் வாங்குற. நான் இங்க கெடக்கறேன். இப்ப வந்து கெளம்புங்கற. அங்க வந்து நான் என்னா பண்ணட்டும்? ஒன் வாயில பால் ஊத்தவா, என் புள்ளைக்குப் பால் குடுக்கவா?"

ஜெயராணிக்கு அழுகை வரவில்லை. இதில் பொய் ஒன்றும் இல்லையே. யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, சாவைக் காட்டிக் காட்டி அவள்தான் இந்தப் பெண்ணை இங்கே கொண்டு வந்து விட்டாள். மன்னித்துவிடு என்று சொல்லலாம்தான். சொன்னால் இந்தக் காலில் இருக்கிற தண்ணீர் இறங்குமா. நான் நன்றாக இருப்பேன், உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கலாம். அது அவள் கையிலும் இல்லை, டாக்டர் கையிலும் இல்லை. ஒருமுறை கெடு சொல்லிக் கெடுத்தது போதும்.

"எப்ப சாவன்னு எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா இந்தக் கால வெச்சிகிட்டு இங்க கெடந்தன்னா எனக்கு முன்னாடி நீ போயிடுவ. என்னத் திட்டறதுன்னா கடலூர்ல வந்து திட்டு."

சொல்லிவிட்டுக் கட்டிலைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். நட்ட நடுவில், சாமி படங்களுக்கு நேர் எதிரே விரித்திருந்த ஜமுக்காளத்தில் மெல்ல உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, படுத்துவிட்டாள். 

"அண்ணி, ஒரு தலவாணி குடுங்க."

"என்னாத்துக்கு?" என்றாள் லோகநாயகி.

"புள்ள இங்கதான் பெத்துக்கணும்னு சொல்லிட்டீங்க. பெத்தவ கூட இருக்கணுமில்ல. நானும் இங்கயே இருந்துடறேன்."

"நீ இருந்து? ஒன்னயே நாலு பேரு தூக்கணும்."

"அதத்தான் சொல்றேன் அண்ணி. இன்னிக்குச் சாயங்காலமும் போவலாம், அடுத்த தையிலயும் போவலாம். டாக்டருக்கே தெரியல. எப்ப போனாலும் இங்கேருந்தே எடுத்துடுங்க. பந்தல் போட வாசலும் பெருசாத்தான் இருக்கு."

அதை மிரட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். படுத்தவளுக்கு உண்மையிலேயே எழுந்திருக்கத் தெம்பில்லை. வயிறு கல்லாக இறுகி, மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. உதடு வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் கூடத்தில் இருந்தவர்களுக்குப் பயம் பிடித்தது. ஓரத்தில் இருந்த ஒருத்தி தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். வளைகாப்பு நடந்த வீட்டில், விளக்கு எரியும்போதே பிணம் விழுந்தால் அங்கே இருந்தவர்களுக்கும்தானே தீட்டு.

லோகநாயகி தம்பி பக்கம் திரும்பி, உன் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போ என்றாள். உத்திராபதி எழுந்தான். கிட்டே போனான். குனிந்து, ஓடாத மெஷினைப் பார்க்கிற மாதிரி அவளை ஒரு பக்கமாகப் பார்த்தான். அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். என்ன கண்டானோ, நிமிர்ந்துகொண்டான்.

"தூக்கறப்ப எதனா ஆயிட்டா, அக்கா?"

இத்தனை வருஷத்தில் அக்காவை அவன் எதிர்த்துப் பேசியது அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. வாசலில் நின்ற கதிரவன் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, மாமியார் கிடக்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் அனுப்பிவிடும்மா என்று முணுமுணுத்தான். லோகநாயகி அவனை ஒரு முறை முறைத்தாள். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வாசலைத் தாண்டினால்தான் உண்டு.

அவ்வளவு நேரம் அனுப்ப மாட்டேன் என்றவள், அவளே அறைக்குள் ஓடி மருமகள் துணிமணியைப் பையில் திணித்தாள். பால் பழம் கொடுத்து அனுப்புகிற முறையெல்லாம் மறந்துபோயிற்று. படியிறங்கும்போது ஜெயராணியின் காதோடு, என் பேரப்பிள்ளைக்கு ஒன்று ஆனால் உன்னை நிம்மதியாகச் சாகவிட மாட்டேன் என்றாள். ஜெயராணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். உத்திராபதியின் தோளில் முழு பாரத்தையும் போட்டு வேனில் ஏறினாள். எழிலரசி ஏறி, அம்மாவுக்கு முதுகு தெரிகிற மாதிரி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

வேன் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியது. பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற ரோடு வந்தபோது எழிலரசி முன்னால் பார்த்தபடியே, "ஒனக்காவ வரல" என்றாள். தெரியும் என்றாள் ஜெயராணி. பிறகு டிரைவரிடம், வீட்டுக்கு விடாதே தம்பி, நேரே மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கு விடு என்றாள். சிதம்பரத்திலும் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. அங்கே சேர்த்தால் ராகு காலம் முடிந்த கையோடு லோகநாயகி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய்விடுவாள். அதற்காகத்தான் ஜெயராணி இவ்வளவு தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் முன் சீட்டில் மகளின் தலை சாய்கிறதா, கை வெட்டி இழுக்கிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு என்று நினைத்துத்தானே ஏறினேன், இதிலும் பொய்யா என்று எழிலரசி ஆஸ்பத்திரி வாசலில் இறங்க மறுத்தாள். அதற்குள் நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு பெருத்த வயிற்றையும் பார்த்துவிட்டு, நேரே ஜெயராணியிடம் கொண்டு வந்து நிறுத்தினாள். நான் இல்ல, அவள் என்று ஜெயராணி கையைக் காட்டினாள். நர்ஸ் நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள்.

பிரஷர் பார்த்த டாக்டரம்மா, யார் இவளுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று பிடித்துக்கொண்டாள். இன்னும் இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் சேர்ந்து போயிருக்கும் என்றாள். அந்தத் திட்டையெல்லாம் ஜெயராணிதான் நின்று வாங்கிக்கொண்டாள். சிதம்பரத்துக்காரியின் பெயரை எடுக்கவில்லை. டாக்டரம்மா மகள் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டு, பிள்ளைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் ஜெயராணி சுவரோரமாகத் தரையில் சரிந்தாள்.

டிரிப்ஸ் குத்த வேண்டும் என்று வலது கை வளையலையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். வீங்கின கையில் கழலவில்லை. நர்ஸ் சோப்பு போட்டு ஒவ்வொன்றாக உருவினாள், இரண்டு உடைந்தது. எழிலரசி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தாள். மருந்து சொட்டத் தொடங்கி, நர்ஸ் போன பிறகு, சுவரைப் பார்த்தே பேசினாள்.

"நீ செத்தா நான் அழ மாட்டேன்."

ஜெயராணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, பாட்டிலைப் பார்த்தாள். சொட்டு நின்றிருந்தது.

"அழாத" என்றாள். "கைய மடக்காத, மருந்து எறங்கல."

எழிலரசி கையை நீட்டினாள்.